நாற்பத்தாறு மூட்டை

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அந்த போர்டு வந்த நாளிலிருந்து சின்னவளுக்குச் சாப்பிட்டது செரிக்கவில்லை. போர்டில் இருந்தது வேற்று ஆள் இல்லை, கூடப்பிறந்த அக்காதான். பக்கத்தில் அக்காவின் புருஷன். ஆளுக்கொரு மக்காச்சோளக் கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'சாதனை விவசாயிகள், ஏக்கருக்கு 42 மூட்டை' என்று போட்டிருந்தது. விதைக்கடைக்காரர் ஒவ்வொரு அறுவடைக்கும், ஊரில் யார் அதிகம் எடுத்தார்களோ அவர்கள் படத்தைப் போட்டு இப்படி ஒரு போர்டு வைப்பார். அடுத்த பருவத்துக்கு அவர் விதை விற்க வேண்டாமா?

பால் ஊற்றப் போகும்போதும் வரும்போதும் சின்னவள் அந்த போர்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே வருவாள். சரியாக அந்த இடம் வந்ததும் தலை தானாக நிமிரும். அக்கா சிரித்தபடி நிற்பாள். அந்தச் சிரிப்பு ஊருக்கெல்லாம் இல்லை, தன் ஒருத்திக்காகத்தான் என்று அவளுக்குப் படும்.

இரண்டு பேருமே இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர்கள். அக்காவுக்கு வரன் பார்த்தபோது அப்பாவின் கையில் தெம்பு இருந்தது. சொந்த நிலம், சொந்தக் கிணறு என்று தேடிக் கொடுத்தார். சின்னவள் முறை வந்தபோது தெம்பெல்லாம் தீர்ந்துபோய், "நல்ல பையன், உழைப்பாளி" என்று சொல்லி முடித்துவிட்டார். பையன் நல்லவன்தான், உழைப்பாளியும்தான். நிலம் மட்டும்தான் இல்லை. டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அவருடைய அப்பா வழியில் வந்த நாலு ஏக்கர் இந்த ஊரில் இருந்தது. அதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் குத்தகைக்கு உழுகிறார்கள்.

பழைய விதை இருந்த காலத்தில் இதெல்லாம் பெரிதாக உறுத்தவில்லை. ஏக்கருக்கு இருபது மூட்டை வந்தாலே பெரிய விஷயம். அக்காவும் அதைத்தான் எடுத்தாள், இவளும் அதைத்தான் எடுத்தாள். அக்கா வீட்டில் எண்ணெய் தீர்ந்தால் கிண்ணத்தோடு இங்கே வருவாள். பிறகு புது விதை வந்தது, ஊரே தலைகீழாக மாறியது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று மூட்டை ஏறிக்கொண்டே போனது. சின்னவள் நாலு கனவு கண்டாள். கூரையை மாற்றுவது, குழாய் வீட்டுக்குள் வருவது, இன்னும் இரண்டு சொல்லக் கூச்சப்படுகிற கனவு.

நடந்தது வேறு. ஊரில் எல்லோருக்கும் கொட்டோ கொட்டென்று கொட்டினால் விலை என்ன ஆகும்? அறுத்த கையோடு எல்லோரும் விற்க ஓடினார்கள், விலை படுத்துவிட்டது. அக்கா வீட்டில் கிடங்கு இருந்தது. மூட்டையை அடுக்கிப் பூட்டிவிட்டு, விலை எழுந்து உட்காரும்வரை அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சின்னவள் வீட்டில் மூட்டை அடுக்க இருந்த இடம் கட்டிலுக்கு அடியில்தான். படுத்த விலைக்கே வியாபாரியின் லாரியில் ஏற்றினாள். உரக்கடை தன் பங்கை வாங்கிக்கொண்டது, மருந்துக்கடைக்காரர் தன் குத்தகையை வாங்கிக்கொண்டார். சோளம் இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் விளைந்தது. பணம்தான் ஆளைப் பார்த்து விளைந்தது.

அக்கா வீட்டுக்கு மாடி வந்தது. வாசலில் வழுக்குகிற மாதிரி டைல்ஸ் வந்தது. துணி துவைக்கும் மெஷின் வந்தது. போன வருஷம் அறுவடை மெஷினே வந்தது. அதுதான் சின்னவளுக்கு நெஞ்சில் இடித்தது. அறுவடைக் காலத்தில் அடுத்தவர் வயலில் கதிர் ஒடிக்கப் போய், அவள் தனக்கென்று நாலு காசு பார்ப்பாள். அந்த மெஷின் ஊருக்குள் நுழைந்த பிறகு கதிர் ஒடிக்க வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. அக்காவுக்கு இது உறைக்கவும் இல்லை. அவள் கெட்டவள் இல்லை, பாவம். மாதம் ஒரு தடவை பையோடு வருவாள். "இந்தா, ரெண்டு தடவைதான் உடுத்தினேன். உனக்குச் சரியா இருக்கும்" என்று பழைய துணியைக் கொடுப்பாள். சின்னவள் வாங்கிக்கொள்வாள். வயிறு எரிய எரிய, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். துணி சரியாக இருப்பதுதான் அதில் பெரிய கொடுமை.

அவள் புருஷனிடம் இதைச் சொல்லி அழலாம் என்றால், அவன் ஒரு தனி ரகம். ஊரில் அவனுக்குக் 'குறைச்சல்' என்று பட்டப்பெயர். விளைச்சல் எப்படி என்று யார் கேட்டாலும் "குறைச்சல்தான்" என்பான். மழை, பால், வருமானம் எல்லாமே அவன் வாயில் குறைச்சல்தான். குணம் அப்படி என்று ஊர் நினைத்தது. உண்மையில் அது அவனுடைய தொழில் நுட்பம். குத்தகைக்காரன் வாயிலிருந்து 'நல்ல விளைச்சல்' என்ற சொல் வந்தால், அது நிலத்துக்காரன் காதில் போய்த்தான் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை குத்தகை வாங்க வரும்போது, "இருபத்தஞ்சு தேறும் ஐயா. பூச்சி வேற" என்பான். அவருக்கு மருந்து தெரியும், மண் தெரியாது. சரி என்று ஏக்கருக்குப் பத்து மூட்டைக்கான பணத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார். அந்த இருபத்தைந்துக்கும் நிஜத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் இவர்கள் குடும்பம் நடந்தது.

இந்தப் பருவத்தில் சின்னவளின் வயல் கரும்பச்சையாக நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அறுத்துப் பார்த்ததில் ஏக்கருக்கு முப்பத்தெட்டு. அதுவரை அவர்கள் எடுத்ததிலேயே அதிகம். குறைச்சல்கூட அன்றைக்கு மனைவியிடம் மட்டும், அதுவும் கதவைச் சாத்திவிட்டு, "பரவாயில்லை" என்றான்.

மறுநாள் அவள் விதைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "உங்க மாமா இப்பத்தான் வந்துட்டுப் போனார். இந்த வருஷமும் அவங்களுக்கு நாப்பத்திரண்டு. வேற யாரும் அந்தப் பக்கம்கூட வரலை. போர்டை அப்படியே வெச்சுட்டு வருஷத்தை மட்டும் மாத்திடலாம்னு இருக்கேன்" என்றார்.

இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் முழுக்க அந்தச் சிரிப்பு. சின்னவளுக்கு என்ன ஆனது என்று அவளுக்கே தெரியாது.

"எங்களுக்கு நாப்பத்தாறு" என்றாள்.

கடைக்காரரின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "நாப்பத்தாறா? குத்தகை நிலத்துலயா?"

"ஏன், அது குத்தகையா சொந்தமான்னு நிலத்துக்குத் தெரியுமா?"

அவர் துருவிக் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியதும் பெரிய எண்தானே. அன்று சாயங்காலமே வயலுக்கு வந்து படம் எடுத்தார். "விதை நல்லா இருக்குன்னு சும்மா ஒரு படம் எடுக்கறாங்க" என்று சொல்லிச் சின்னவள் புருஷனைப் பக்கத்தில் நிறுத்தினாள். கதிரைக் கையில் கொடுத்தால் அவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பழக்கதோஷம்.

போர்டு ஏறியது. அக்கா இறங்கினாள், சின்னவள் ஏறினாள். அந்த வாரம் அவள் வாழ்ந்த வாழ்க்கையை ராணிகூட வாழ்ந்திருக்க மாட்டாள். பால் ஊற்றும் இடத்தில் "சாதனை விவசாயி வர்றாங்க, வழி விடுங்க" என்று கேலியாகத்தான் சொன்னார்கள். ஆனால் வழியும் விட்டார்கள். அக்கா அந்தப் பக்கமே வரவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் எதிரே ஸ்கூட்டரில் வந்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சின்னவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பாட்டு முணுமுணுத்தபடி பாத்திரம் தேய்த்தாள்.

குறைச்சலுக்கு விஷயம் கடைசியாகத்தான் தெரிந்தது. டவுனுக்குப் போக நிறுத்தத்தில் வந்து நின்றவன், தன் முகத்தையே தலைக்கு மேலே பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். வந்த பேருந்து போயிற்று. அடுத்ததும் போயிற்று. வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

"மீதி எட்டு மூட்டை எங்கேருந்து வந்துது?" என்று கேட்டான்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அக்கா மட்டும் சொல்லிக்கலாமா?"

"உங்க அக்கா சொந்த நிலத்துக்காரி. அவ நூறுன்னு சொன்னாலும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நமக்கு மேல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். அது உனக்குத் தெரியாதா?"

"அவர் எங்க இந்தப் பக்கம் வரப் போறார்?"

வந்தார். போர்டைப் படம் பிடித்து யாரோ கைபேசியில் அவருக்கு அனுப்பியிருந்தார்கள். நல்லவர்களுக்கு ஊரில் பஞ்சமா? மருந்துக்கடைக்காரர் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பத்தாறாமே" என்றார்.

"ஐயா, சத்தியமா இல்லீங்க. முப்பத்தெட்டுதான்" என்றான் குறைச்சல். அவன் வாழ்க்கையில் நிலத்துக்காரரிடம் சொன்ன முதல் நிஜம் அது.

"முப்பத்தெட்டா? என்கிட்ட இருபத்தஞ்சுன்னுதானே சொல்லிட்டு இருந்தீங்க."

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தைந்தும் பொய், நாற்பத்தாறும் பொய். நடுவில் இருந்த உண்மை யாருக்கும் உதவாமல் கிடந்தது.

"நான் பொதுவாச் சொல்றேன்" என்றார் அவர். "உங்க அக்கா வீட்டுக்காரர் என்கிட்ட வந்து பேசினார். ஏக்கருக்கு இருபது மூட்டை தர்றேங்கறார். நாளைக்குள்ள முன்பணம் கொடுத்தா நிலம் அவருக்கு. அவர் வேண்டாம்னுட்டா, நீங்க பதினாலு கொடுத்துட்டு இருங்க. எனக்கும் புது ஆள் தேட நேரமில்லை." இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். அந்தக் கேள்விக்குச் சின்னவளுக்குப் பதில் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் குறைச்சல் அவளை எதிரே உட்கார வைத்துப் பேசினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

"மாமா கணக்குத் தெரிஞ்ச மனுஷன். நாப்பத்தாறு வரும்னு நம்பித்தான் இருபது தர்றேன்னு நிக்கறார். முப்பத்தெட்டுதான்னு தெரிஞ்சா, செலவு போக அவருக்கே ஒண்ணும் நிக்காது, விட்டுடுவார். நான் போய்ச் சொன்னா நிலத்தைக் காப்பாத்தப் பொய் சொல்றேம்பார். நீ உங்க அக்காகிட்டப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லு. அவ்வளவுதான். பதினாலு கொடுத்தாலும் நாம பிழைச்சுக்கலாம். நிலம் போச்சுன்னா எங்க போறது? கூலிக்குப் போகலாம்னா, அதுக்கும் மெஷின் வந்தாச்சு."

அவள் தலையை ஆட்டினாள். வழி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். 'அக்கா, அது பொய். முப்பத்தெட்டுதான்.' சொல்லிவிட்டால் முடிந்தது. அரை நிமிஷ அவமானம். அதற்கு யாராவது நாலு ஏக்கரை விடுவார்களா?

அக்கா சமையலறையில் இருந்தாள். பின்பக்கம் துவைக்கும் மெஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்த்ததும் "வா" என்றாள். அந்த 'வா'வில் சிரிப்பு இல்லை. அடுப்பைத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"நான் இப்பல்லாம் பஸ் ஸ்டாப் வழியாப் போறதில்லை, தெரியுமா? பின்னால சுத்திக்கிட்டுப் போறேன்" என்றாள்.

"ஏன்க்கா?"

"உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமத்தான்." அக்கா துணியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "சொந்த நிலம், சொந்த மோட்டார், மெஷின்னு அத்தனையும் வெச்சுக்கிட்டு நாங்க நாப்பத்திரண்டுல நிக்கறோம். ஒண்ணுமே இல்லாம நீ நாப்பத்தாறு எடுக்கறே. எனக்கு வயிறு எரியுதுடி. கூடப்பிறந்தவளைப் பார்த்து வயிறு எரியலாமான்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன். அப்பவும் எரியுது. அந்த நிலத்தை எடுத்தே ஆகணும்னு உன் மாமாவை நச்சரிச்சதும் நான்தான். இருபது மூட்டை கொடுத்தா கட்டுப்படியாகாதுன்னுதான் அவர் சொன்னார். அவளுக்கு நாப்பத்தாறு வரும்போது நமக்கு வராதான்னு நான்தான் மல்லுக்கு நின்னேன்."

இத்தனை வருஷமாகத் தன் வயிற்றில் இருந்த அதே நெருப்பு. அதே வார்த்தைகள்கூட. அக்காவின் வாயிலிருந்து, அக்காவின் டைல்ஸ் தரையில், தனக்காக.

"இப்பவும் அவர் மாடியில யோசனை பண்ணிக்கிட்டுத்தான் இருக்கார்" என்றாள் அக்கா. கிட்டே வந்து தங்கையின் கையைப் பிடித்தாள். "உன் வாயால சொல்லு. நிஜமாவே நாப்பத்தாறு வந்துதா? வரலைன்னா வரலைன்னு சொல்லிடு. இந்த நிமிஷமே அந்த நிலத்தை விட்டுடறோம். நீயே வெச்சுக்கோ."

இதைவிடச் சுலபமாக யார் கேட்க முடியும்? வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் சின்னவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அக்காவின் முகம் தெளியும். ஒரு பெருமூச்சு வரும். பிறகு ஒரு சிரிப்பு. "அதானே பார்த்தேன்" என்பாள். கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டுவாள். பிறகு, "இரு, உனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்று அலமாரிப் பக்கம் போவாள்.

அந்த 'அதானே பார்த்தேன்' என்ற ஒரு சொல்லைத்தான் அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது. நிலம் போனால் என்னவாகும் என்பது அந்த நேரத்தில் தூரத்தில் இருந்தது. அக்காவின் சிவந்த கண் கிட்டத்தில் இருந்தது.

"நாப்பத்தாறு இல்லைக்கா" என்றாள் சின்னவள்.

அக்காவின் பிடி தளர்ந்தது.

"நாப்பத்தெட்டு. கண்ணு பட்டுடுமேன்னு போர்டுல ரெண்டைக் குறைச்சுப் போடச் சொன்னேன்."

அக்கா மாடிப்படிக்குக் கீழே போய் நின்று, "ஏங்க! நாப்பத்தெட்டாம்! அவளே சொல்றா!" என்று கத்தினாள். மேலே நாற்காலி நகர்ந்தது. மாமா படியிறங்கி வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சின்னவளைப் பார்த்து, "பெரிய ஆளும்மா நீ" என்றார். அந்தக் கணக்குத் தெரிந்த மனிதரின் முகத்திலும் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. வண்டி கிளம்பி டவுன் பக்கம் போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அக்கா டீ போட்டாள். விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "என்ன உரம் போட்டே? எத்தனை தடவை தண்ணி விட்டே? எதையும் மறைக்காம சொல்லு" என்றாள். பிறந்ததிலிருந்து அக்கா அவளிடம் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்வது அதுவே முதல் தடவை. சின்னவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். விதைக்கும் விதைக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும், பூ எடுக்கும்போது தண்ணீரை எப்படிக் கட்ட வேண்டும் என்று எல்லாம் சொன்னாள். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். டீ நன்றாக இருந்தது.

குறைச்சல் வாசலிலேயே நின்றிருந்தான். அவள் தெருமுனையில் திரும்பியதுமே எதிரே வந்துவிட்டான்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்பினாளா?"

"நம்பிட்டா" என்றாள்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். இரண்டு நாளாகத் தூங்காத முகம் லேசாகத் தெளிந்தது. "நல்ல வேளை. எப்படியும் உன் கூடப்பிறந்தவ இல்லையா" என்றான். சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "வடக்கு வரப்பு உடைஞ்சு கிடக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள போய் அதைச் சரி பண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வயலைப் பார்த்து வேகமாக நடந்தான். அவனைக் கூப்பிட வேண்டும் என்று சின்னவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவன் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.